பச்சத்தண்ணி படாத வேண்டுதல்

இன்னைக்கு கிட்னி டாக்டர்கிட்ட செக்கப்புக்குப் போயிருந்தேன்.

பக்கத்துல கீழ்பென்னாத்தூர் அண்ணன் ஒருத்தர், கூட அவர் சம்சாரம். கல்லு வலின்னு வந்த அண்ணன், இந்த வெயில்ல போர்வை போத்திக்கிட்டு நடுங்கிட்டிருந்தார்.

"கல்லு வலியோட குளிர் ஜுரம்னா டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாதுண்ணே"ன்னு சொல்லி நர்ஸைக் கூப்பிட்டேன். எனக்குக் கல்லு வந்தப்போ கத்துக்கிட்டது.

வந்தவங்களுக்கு அவரை அடையாளம் தெரிஞ்சுது. "ஒரு கல்லு தானா வெளிய வந்துடுச்சு, இன்னொண்ணு இருக்கு, தண்ணி நிறைய குடிங்கன்னு அனுப்பினோமே?"

"வந்த கல்லுக்கு நேத்து கிரிவலம் போனாருங்க. வேண்டுதல்"னு அக்கா சொன்னாங்க.

"சரி, வழியில தண்ணி குடிச்சீங்களா?"

அண்ணன் அந்த நடுக்கத்துலயும் நிமிர்ந்து உக்காந்தார். "காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல மேடம். சாமி சுத்துற வழின்னு ஒண்ணுக்கும் அடக்கிக்கிட்டேன்."

நர்ஸ் உடனே போய் வீல்சேரைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க.

டாக்டர் பாத்துட்டு, கல்லு அடைச்சு இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கு, உடனே டியூப் வெக்கணும், இன்னும் லேட்டாயிருந்தா உயிருக்கே ஆபத்துன்னார்.

அக்கா ஜன்னல் வழியா மலையைப் பாத்துக் கும்பிட்டாங்க. "அண்ணாமலையாரே, இந்த மனுஷன் பொழைச்சு எழுந்து, தெனம் ஒழுங்கா தண்ணி குடிச்சா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் சுத்துறேன்."

ட்ரிப்ஸ் ஏறிட்டிருக்க, படுக்கையிலேர்ந்து அண்ணன் குரல்: "பச்சத்தண்ணி படாம சுத்தணும்டீ. இல்லன்னா பலிக்காது."

அடுத்த டோக்கன் அக்காவுக்குத்தான்னு நான் சொல்றேன். இல்லன்னு பந்தயம் கட்ட யார் வரீங்க?