உப்புத் தண்ணீரில் குழைத்த தொட்டி

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எப்போது துருப்பிடித்துக் கைவிடும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் பிழைப்பு. புதூர் பக்கத்து ஊராட்சி ஒன்றின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டிக்கு அந்தக் கணக்கு இன்னும் பதினெட்டு ஆண்டு ஆயுள் கொடுத்தது. அவர்கள் அனுப்பிய படங்களிலோ தூண்கள் நெடுக விரிசல். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. நேரில் பார்த்துவிடலாம் என்று போன மாசியில் கிளம்பினேன்.

கோவில்பட்டியில் காலை ஆறரைக்குப் பேருந்து. நாகலாபுரம் வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அறுவடை முடிந்த கரிசல் இரு பக்கமும் வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து ஆட்டோவில் பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன்.

"திரும்பி வாரப்ப ஆளு கிடைக்காது அண்ணாச்சி, காலியாத்தான் வரணும்" என்றார் ஓட்டுநர். நியாயம்தான்.

தூரத்து ஆற்றிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீரைத் தேக்கும் தொட்டி ஊர் நடுவில் நிற்கிறது. அதன் அடியிலேயே குழாயடி, பத்தடி தள்ளி அங்கன்வாடி. விரிசலில் பேனாக்கத்தியை விட்டேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், இடம் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கடலோரமாக இருந்தால் உப்புக் காற்றைச் சொல்லலாம். இங்கே உப்பு எங்கிருந்து வந்தது?

கை கழுவக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள். சோப்பு நுரைக்கவே இல்லை. நாக்கில் வைத்தால் கரித்தது. தொட்டி கட்டியபோது சித்தாள் வேலை பார்த்த மாரியம்மாள் அக்கா பக்கத்தில் நின்றார். இந்தத் தண்ணீரிலா சிமெண்ட் குழைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பின்னே? குடிக்கதுக்கே நல்ல தண்ணி காணாது. அதப் போயி சிமெண்டுல ஊத்துவாவளா தம்பி?"

என் கணக்கில் உப்பு வெளியிலிருந்துதான் மெல்ல மெல்ல உள்ளே போகும். கட்டும்போதே உள்ளே இருந்த உப்பு எவ்வளவு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். ஊராட்சித் தலைவர் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பூஜ்யத்துக்குப் பதிலாக உத்தேசமாக ஓர் அளவைப் போட்டு ஓட்டினேன். ஆயுள் ஏற்கெனவே முடிந்துவிட்டதாக வந்தது. கான்கிரீட்டைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை காத்திருக்க மனம் கேட்கவில்லை.

"இன்னைக்கே தொட்டியைக் காலி பண்ணிடுங்க. அடியில யாரும் நிக்கக் கூடாது" என்றேன்.

"இனி லாரித் தண்ணிதான்" என்று சொல்லித் தலைவர் எழுந்துபோய், வால்வைத் திறக்கச் சொன்னார்.

தண்ணீர் அடியில் கொட்ட ஆரம்பித்ததும் ஊரே குடத்தோடு தொட்டியடியில் நின்றது. சிலர் இடுப்பில் பிள்ளை. தள்ளிப் போங்க என்று கத்தினேன்.

"நல்ல தண்ணியக் கரிசல்லயா விடச் சொல்லுதீய?" என்றார் மாரியம்மாள் அக்கா. குடத்தை அவர் நகர்த்தவில்லை.

பிள்ளைகளை மட்டும் கெஞ்சிக் கூத்தாடித் தொலைவில் உட்காரவைத்தோம். பிறகு நானும் தொட்டிக்கு அடியில் போய்க் குடம் மாற்றிக் கொடுத்தேன். சீக்கிரம் காலியானால் சீக்கிரம் கலைவார்கள் அல்லவா? அண்ணாந்து பார்க்கவே பயமாக இருந்தது. மாலையில் தொட்டி வற்றியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தப் பக்கம் இதே வேலையாக வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலம் வேண்டாம், கரிசல் சேறு காலை விடாது. குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள். எந்தத் தண்ணீரில் குழைத்தார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். தொட்டியைக் காலி செய்யச் சொல்வதற்கு முன் நீளமான ஹோஸ் பைப் ஒன்றுக்கு ஏற்பாடு செய்து, தண்ணீரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். தண்ணீர் போகும் இடத்துக்குத்தான் சனம் போகும்.

எனக்கு இது திரும்பி வரும் பேருந்தில்தான் தோன்றியது.