இடப்பக்கம் தெலுங்கு, வலப்பக்கம் தமிழ்

ஒல்லாந்தர் கப்பல்கள் பழவேற்காட்டுக் கரையை நெருங்கி வராது. ஆழம் போதாது என்று கடலில் தள்ளியே நிற்கும். அவர்கள் கோட்டையிலிருந்து துணிப் பொதிகளை அலை தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்த்தவை எங்கள் சலங்குப் படகுகள்தான். கயிற்றால் தைத்த பலகைப் படகு. துடுப்புப் போட இரண்டு பக்கமும் ஆட்கள், பின்னால் நின்று திசை பிடித்துக் குரல் கொடுக்க ஒரு தண்டல். என் நைனாதான், என்னைப் பெற்றவர்தான், தண்டல். என் வீட்டுக்காரர் அதே படகில் துடுப்புக்காரர். படகு போகிற நாளில் எனக்கு வீட்டில் எப்படி இருப்புக் கொள்ளும்? அடுப்பில் உலையை வைத்துவிட்டு மணலுக்கு ஓடுவேன், மறுபடி உலையைப் பார்க்க ஓடிவருவேன்.

நைனாவின் படகில் இடப்பக்கம் முழுக்கத் தெலுங்கு ஆட்கள். பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கேயிருந்து வருகிறவர்கள். வலப்பக்கம் எங்கள் ஊரான தோணிரேவின் தமிழ் ஆட்கள். அலை உடையும் இடத்தில் ஒரு பக்கம் இழுக்க வேண்டும், மறுபக்கம் நிறுத்த வேண்டும். அந்த இரைச்சலில் யாருக்கு என்ன என்று விளக்கிக்கொண்டா இருக்க முடியும்? நைனா "லாகண்ட்ரா" என்றால் இடப்பக்கம் இழுக்கும். "இழுங்கடா" என்றால் வலப்பக்கம். மூச்சு விடுகிற நேரத்தில் அந்த மொழிக்கும் இந்த மொழிக்கும் போய்வருவார். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுத்தான் எனக்கும் தெலுங்கு வந்தது.

வயதாக ஆக, வீட்டில் தடுமாற ஆரம்பித்தார். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் "இன்னாம்மா, சோறு ஆச்சா?" என்பார். தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் போய் நிற்கும். கெழவனுக்கு ரெண்டு பாஷையும் மண்டைக்குள்ள கலந்துபோச்சு என்று ஊரில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் வீட்டுக்காரரும் சேர்ந்து பேசியதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு பாஷ போதும் அவருக்கு. எடப்பக்கமும் நம்ம ஆளையே வச்சா மண்டைக்குப் பாரம் கொறையும்" என்றார்.

"பாரம்னு அவரு வந்து உங்கிட்ட அழுதாரா?"

"எங்க உசுரும் அதுலதான் கீது, தெரியுமில்ல?"

படகுக்காரர்களும் அவர் பேச்சையே கேட்டார்கள். தெலுங்கு ஆட்கள் வேறு படகுக்குப் போனார்கள். நைனா பேசுவதே குறைந்தது. கரையில் உட்கார்ந்து வெறுமனே மணலைக் கிளறிக்கொண்டிருப்பார்.

புது ஆட்களோடு படகு போன முதல் நாள், அலை எழும்பி வந்தபோது நைனா இடது கையைத் தூக்கினார். குரல் வரவில்லை. இடப்பக்கத்தைப் பார்த்தபடியே நின்றார். நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அலை படகைக் குறுக்கே புரட்டிவிட்டது. எல்லாரும் நீந்திக் கரையேறினார்கள். என் வீட்டுக்காரருக்கு நெற்றி கிழிந்திருந்தது.

"அவரு இருக்கற படகுல இனிமே நான் ஏற மாட்டேன்" என்றார், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

நைனாவை இறக்கிவிடுவது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தப் பக்கம் என்றாலே அவருக்குத் தெலுங்குதான். அதைப் பிடுங்கிவிட்டு, கெழவன் நின்றுவிட்டான் என்றால் என்ன நியாயம்? மறுநாளே தோணி பிடித்து ஏரியைத் தாண்டிப் போய், பழைய இடப்பக்கத்து ஆட்களிடம் தெலுங்கிலேயே கெஞ்சினேன், கொஞ்சம் திட்டவும் செய்தேன். ஒரே ஒரு நடை வருகிறோம் என்றார்கள்.

அந்த ஒரு நடைக்கு மட்டும் ஊரும் சம்மதித்தது. அவர்கள் வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். நைனா பின்னால் ஏறி நின்றார். என் வீட்டுக்காரர் மணலில் நின்று என்னை முறைத்தார்.

"நீ ஏறாட்டி போ. வேற ஆளு ஏறட்டும்" என்றேன். ரோஷமூட்டி வீட்டுக்காரரை அனுப்புகிறேனா, கொல்கிறேனா?

"செத்தா உன் நைனாவத்தான் கேக்கணும்" என்று ஏறிக்கொண்டார்.

படகு கிளம்பியது. நான் கரையோரமாகக் கூடவே நடந்தேன், ஓடினேன். முதல் அலை. "லாகண்ட்ரா." அடுத்த மூச்சில் "நிறுத்துங்கடா." பழைய குரலேதான். இரண்டாவது அலைக்கும் குரல் பிசகவில்லை. படகு அலைகளுக்கு அந்தப் பக்கம் போய் ஆடி நின்றபோது நான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மத்தியானம் இரண்டு பேரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நைனா என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீ யாருப்பா? எந்த ஊரு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"வலப்பக்கம், ரெண்டாவது துடுப்பு, மாமா."

"ஓ, நீயா? சொன்ன ஒடனே இழுக்கறவனாச்சே. சாப்டு, சாப்டு" என்று தன் இலையிலிருந்த மீனை எடுத்து அவர் இலையில் வைத்தார் நைனா.

என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் அதைச் சாப்பிட்டார்.