காய்ச்சல் என்று சொன்னதால்

“வெறும் தலைவலிதான்” என்று நான் இன்று சொல்லவில்லை.

துறைமுகத்துக்கு வந்த ஸ்பெயின் கப்பலில் ஒரு மாலுமிக்குச் சுகமில்லை. நோய்களின் பெயர்களை மட்டும் ஸ்பானிய மொழியில் படித்து வைத்திருந்தேன். அதை நம்பி, கப்பல் ஏஜெண்டின் குமாஸ்தா அண்ணாச்சி என்னையும் படகில் ஏற்றிவிட்டார்.

“நேத்து என்ன செஞ்சுதுன்னு கேளும்மா” என்றார் கப்பலைச் சோதிக்க வந்திருந்த துறைமுக டாக்டர்.

சைகையில் கேட்டேன். மாலுமி மெல்ல, “ஃபியெப்ரே” என்றான். காய்ச்சல்.

அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். “ஏளா, தலைவலின்னு சொல்லு. காய்ச்சல்னா ஒருத்தரையும் கரைக்கு விடமாட்டாவ. நம்மளையுந்தான்.”

மாலுமியின் கண்கள் சிவந்திருந்தன.

“காய்ச்சல்” என்றேன்.

‘வீட்டுக்குப் போகணும்’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் என்ன? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நோய்ச் சந்தேகம் தீரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று காட்டும் மஞ்சள் கொடியை இறக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. அண்ணாச்சியும் நானும் இன்னும் கப்பலில்தான் இருக்கிறோம்.