லண்டனில் நான் குரைத்தேன்

போன வருஷம் சித்திரை முடிந்த கையோடு, லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரம் போயிருந்தோம். ஊருக்குக் கிளம்பும் நாளன்று காலையில் மகன் எங்களை ரயிலில் கூட்டிப்போய் டவர் கோட்டை வாசலில் விட்டான். "மூணு மணிக்கு வீட்டு வாசல்ல டாக்ஸி நிக்கும். லேட் பண்ணா பிளைட் போயிடும். பச்சை லைன்ல ஏறி நம்ம ஸ்டேஷன்ல இறங்குங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டான்.

கோட்டையில் அண்டங்காக்காய்க்குக்கூட ராஜ மரியாதை! கிரீடம் பார்க்கும் இடத்தில் மட்டும் நின்று பார்க்க விடவில்லை. ஓடுகிற பட்டையில் நிறுத்தி நகர்த்திவிட்டார்கள், திருப்பதி 'ஜருகண்டி' மாதிரி. நான் விடுவேனா? திரும்பவும் வரிசையில் போய்ப் பார்த்தேன். வெளியே வந்தால், கப்பலுக்கு வழிவிட்டு ஆற்றுப் பாலம் இரண்டாகத் திறந்து மேலே போகிறது. வாயைப் பிளந்து நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை.

வினை திரும்பும்போதுதான் வந்தது. மகன் வீடு இருக்கும் ஊர் பார்க்கிங். வந்த நாளிலிருந்தே இவர், "வண்டி நிறுத்துற இடத்தையே ஊருக்குப் பேரா வெச்சிட்டானுங்க" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார். ரிட்டையர்டு தாலுகா ஆபீஸ்காரர், இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு என்று நினைப்பு. காலையில் வந்த வழியை மறந்துவிட்டு, எதிரே வந்த ஒருவரை நிறுத்தி, "பார்க்கிங் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவரும் பணிவாகக் கை காட்டினார்.

போனோம், போனோம்... வரிசையாகக் கார்கள்! இன்னொருவரைக் கேட்டார். அவரும் அதே இடத்தைத்தான் காட்டினார். "ஸ்டேஷன் இதுக்குக் கீழேதான் இருக்கும்" என்று இவர் சரிவில் இறங்கப் பார்த்தாரே, எனக்கு வந்த கோபம்! போனில் இருந்தது ஊர் சிம், வீட்டு வைஃபை இல்லாமல் பேச வழியில்லை. மணியைப் பார்த்தேன். பிளைட்டை விட்டால் புது டிக்கெட்டுக்கு மகன் எங்கே போவான்?

அப்போதுதான் மருமகள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் யாழ்ப்பாணத்துப் பெண். முந்தின நாள் இவர் கிண்டலைக் கேட்டுச் சிரித்தவள், "ஐயோ மாமா, அது கார் விடுற பார்க்கிங் இல்லை. நாய் குலைக்கிற பார்க்கிங்!" என்றாள். நாய் குரைப்பதற்கு இங்கிலீஷில் 'பார்க்' என்பார்களாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், வெள்ளைக்காரர்களுக்கோ வேறு வேறு. இவர் காதில் வாங்கவில்லை. நான் வாங்கியிருந்தேன்.

"பேசாம என் பின்னாடி வாங்க" என்று காலையில் இறங்கிய ரயில் நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன். வாசலில் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். எனக்கு ஓடியதெல்லாம், "டாக்... டாக் பார்க்கிங்!" அவள் புருவத்தைச் சுருக்கினாள். நாயைக் கட்டிவைக்கும் இடம் கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டைப் பிதுக்கினாள்.

இதற்கு மேல் என்ன வெட்கம்? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கும் நடுவே, "வவ்! வவ் வவ்!" என்று குரைத்தேன்.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "மானம் போச்சுடி" என்றார். அந்தப் பெண்ணோ கைதட்டிச் சிரித்து, நெஞ்சிலிருந்து 'ப' எடுத்து அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாள். "எஸ், எஸ்!" என்று குதித்தேன். கையோடு கூட்டிப்போய்ச் சரியான பிளாட்பாரத்தில் நிறுத்தினாள். ரயில் வந்ததும் என்னைப் பார்த்து அவளும் ஒரு "வவ்" போட்டாள். மகராசி, நன்றாக இருக்கட்டும்.

வழியில் பிளேஸ்டோ என்ற ஸ்டேஷனெல்லாம் தாண்டி எங்கள் ஸ்டேஷன் பலகையைப் பார்த்ததும் ஏதோ கோட்டையையே பிடித்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டு வாசலுக்கு நாங்கள் போய்ச் சேரவும் டாக்ஸி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கதையைக் கேட்டு மருமகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

விமான நிலையத்தில் இவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் என் கையில் கொடுத்து, "நீயே முன்னாடி போ, நான் வர்றேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகைப் பார்த்தே ஊர் சுற்றியவள் நான். எந்த ஊருக்குப் போனாலும் இப்போது நான்தான் முன்னால் நடக்கிறேன், எதிரே வருவதெல்லாம் எனக்கே முதலில் தெரிகிறது.