மணிக்கூடு இல்லாத ஆட்டம்

எனக்குப் பேஸ்போலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் துபாயில் பேஸ்போல் ஆட்டம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே இரண்டு டிக்கெட் வாங்கினேன். எங்கள் அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுக்கும் பிலிப்பைன்ஸ் பெண் சொன்ன ஒரு தகவல்தான் காரணம். ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று அவளிடம் கேட்டேன். அது ஒருவருக்கும் தெரியாது, அந்த விளையாட்டில் மணிக்கூடே கிடையாது, இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஒரு பக்கம் வெல்லும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள் என்றாள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

என் புருஷன் ஓமானில், சோஹார் துறைமுகத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். இருப்பது ஆண்கள் மட்டும் தங்கும் காம்பில். நான் துபாயில் ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சத்வாவில் ஒரே அறையில் ஆறு பெண்களோடு பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. இதற்கு முன்பு நான் குவைத்தில், ஃபர்வானியாவில் வேலை செய்தேன். அப்போது எங்களுக்கு நடுவில் விமானம் ஏற வேண்டிய தூரம் இருந்தது. ஆனால் இருவருக்கும் வெள்ளியும் சனியும் லீவு. அந்த இரண்டு நாளும் போனிலேயே குடித்தனம் நடத்தினோம். அவர் அங்கே உடுப்புத் தோய்ப்பார், நான் குவைத்தில் மீன் வெட்டுவேன்.

கிட்ட இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து துபாய்க்கு வேலை மாறி வந்தது நான்தான். வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ஓமானில் லீவு வெள்ளியும் சனியும். இங்கே சனியும் ஞாயிறும். அதிலும் இப்போது வெள்ளியில் அவருக்கு ஓவர்டைம், சனியில் எனக்குக் கிளினிக். பஸ் ஏறினால் வந்துவிடலாம், ஆனால் வருகிற நாளில் நான் வேலையில் இருப்பேன். சாண் ஏற முழம் சறுக்கும் என்பது எங்களுக்காகவே சொன்னது.

எப்போதாவது ஒரு சனிக்கிழமை நான் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்து, அவர் முதல்நாள் இரவு பஸ் பிடித்து வந்தாலும், எங்களுக்கு இருக்க இடமில்லை. என் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. மோலில் போட்டிருக்கிற வாங்கில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் காவலாளி எங்களைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்குவான். சாப்பாட்டுக் கடையில் தட்டு காலியானால் மேசை துடைக்கிற துணி வந்துவிடும். ஹோட்டலில் அறை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். தாலி கட்டின பெண்சாதியோடுதான் வந்திருக்கிறார் என்றாலும், பட்டப்பகலில் நாலு மணித்தியாலத்துக்கு அறை கேட்டால் மேசையில் நிற்கிற பொடியன் என்ன நினைப்பான் என்று அவருக்குக் கூச்சம். எனக்கும் கூச்சம்தான். ஆனால் நான் கேட்டுப் பார்க்கத் தயாராக இருந்தேன், அவர் இல்லை.

ஆகவேதான் அந்த டிக்கெட். அதில் இரண்டு இருக்கை எண்கள் அடுத்தடுத்து இருந்தன. ஆட்டம் முடியும்வரை அந்த இரண்டு கதிரையும் எங்களுடையவை. ஒருவரும் எழுப்ப முடியாது. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் இருவர் பெயருக்கும் எழுதப்பட்ட முதல் இடம் அதுதான் என்று நான் போனில் சொன்னபோது அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் முழுக்கத் திட்டம்தான். ஆட்டம் மத்தியானத்துக்குப் பிறகு. காலையில் எங்கே சாப்பிடுவது, எந்த மெட்ரோ, எந்த பஸ் எல்லாம் பேசித் தீர்த்தோம். காசைக் கரியாக்காமல், இந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றாவது சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை வருஷம் இருந்தும் அரபுநாட்டில் நாங்கள் தின்றதெல்லாம் பருப்பும் பரோட்டாவும்தானே.

"பலாலீத் எண்டு ஒண்டு இருக்காம். இனிப்புச் சேமியாவுக்கு மேல முட்டை பொரிச்சுப் போட்டுத் தருவினமாம்" என்றேன்.

"அதை மனுசர் தின்னுவினமோ?"

"ஏன், அரபிகள் மனுசரில்லையோ?"

"அப்ப எனக்கு ரெண்டு பிளேட் சொல்லும்."

இப்படியே கதைத்துக் கதைத்து, அந்தச் சனிக்கிழமை வருவதற்கு முன்பே நாங்கள் அதைப் பலமுறை வாழ்ந்து முடித்திருந்தோம். எந்தக் கடையில் தேத்தண்ணீர் குடிப்பது, ஒரு கப்பா இரண்டு கப்பா என்பதுவரை தீர்மானம். உண்மையைச் சொன்னால் அந்த வாரங்களில்தான் நான் சந்தோஷமாக இருந்தேன். கிளினிக்குக்குப் பல்வலியோடு வந்தவர்களைப் பார்த்துக்கூடச் சிரித்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ் வந்து நின்றது. மனுஷனைப் பார்க்கும் முன் மூட்டையைத்தான் பார்த்தேன். ஒரு நாளைக்கு வருகிறவர், இரண்டு கையிலும் இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"என்னப்பா இது?"

"காம்பில குடுத்துவிட்டவங்கள். அல்வாவும் கருவாடும்." கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"வாறதெண்டு ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"குசினிக்காரனுக்கு மட்டுந்தான். இரவைக்கு எனக்குச் சாப்பாடு போட வேண்டாம் எண்டு."

காம்பில் குசினிக்காரனுக்குச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். வளைகுடாவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. எல்லை தாண்டி எவன் போனாலும் அவன் வெறுங்கையோடு போகக்கூடாது. எல்லோருக்கும் அடுத்த ஊரில் ஒரு சொந்தம் இருக்கும், அந்தச் சொந்தத்துக்கு அனுப்ப ஒரு பொதி இருக்கும். ஒருவரும் பெண்சாதியைப் பார்க்கப் போகிறாயே, நேரம் இருக்குமா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேலை விஷயமாகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பேஸ்போல் பார்க்க, அதுவும் மனுசியோடு என்று சொல்ல வெட்கமாம்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே எண்ட கதையாக் கிடக்கு. உங்கட காம்புக்காரருக்கு என்ர சனிக்கிழமையை அள்ளிக் குடுக்கிறியள்."

"இஞ்சாரும், போன மாசம் நான் காய்ச்சலில கிடக்கேக்க என்ர டியூட்டியைப் பாத்ததே அல்வா குடுத்துவிட்டவன்தான். அவனுக்கு மாட்டன் எண்டு சொல்லேலுமே?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனால் கோபம் இன்னும் கூடியது.

அல்வாவை முதலில் கொடுக்கப் போனோம். அது அல்கூஸில் ஒரு லேபர் காம்ப். ஓமான் அல்வா டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். பெண்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் நான் வாசலுக்கு எதிரே ஒரு கடையின் நிழலில் நின்றேன். "குடுத்திட்டு இந்தா வந்திட்டன்" என்று போனவர் வரவில்லை. லொறிகள் வந்தன, போயின. கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு ஸ்டூல் தந்தார். கடைசியில் இவர் வெளியே வந்தபோது மீசையில் பிரியாணி வாசம் அடித்தது. பொதி கொண்டு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். வெளியே மனுசி நிற்கிறாள் என்று சொல்லவும் இவருக்கு வாய் வரவில்லை. நான் அதற்குள் பசியால் அரை உயிராகியிருந்தேன்.

இரண்டாவது பொதி சுறாக் கருவாடு. காம்பில் அவரோடு இருக்கும் மன்னார்க்காரர் ஒருவர், கராமாவில் குடும்பமாக இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டது. வாசலில் கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று லிஃப்டிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்த பெண் பொதியை வாங்கி அப்படியே மூக்கருகில் கொண்டுபோனாள். "அண்ணாதான் காயவைச்சதோ?" என்று கேட்டாள். இவர் ஓம் என்றார். காம்பின் மொட்டை மாடியில் வலை கட்டிக் காயவைத்தாராம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா மெலிஞ்சிட்டாரோ? போனில முகத்தை மட்டுந்தான் காட்டுறார். பக்கத்து நாடெண்டுதான் பேர், பார்த்து ரெண்டு வருசமாகுது."

அதற்குப் பிறகு எப்படி ஓடுவது? உள்ளே போய் இருந்தோம். அவள் அண்ணன் எத்தனை மணிக்கு எழும்புவார், என்ன சாப்பிடுவார், முதுகுவலி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சோறும் அந்தக் கருவாட்டிலேயே ஒரு குழம்பும் வைத்துப் போட்டாள். நல்ல குழம்பு. நான் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். என்னுடைய நாளைத்தான் இவளும் தின்கிறாள் என்று ஒரு பக்கம் எரிந்தது, அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பலாலீத் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

மெட்ரோவில் நான் அவரோடு கதைக்கவில்லை. பஸ்ஸிலும் கதைக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து கிடைத்த நாளில் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருக்கிறேனே என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் நீட்டின மூஞ்சியை உடனே சுருக்கவும் மானம் விடவில்லை.

நகரத்தின் ஓரத்தில், கிரிக்கெட்டுக்காகக் கட்டிய ஒரு மைதானத்தில்தான் ஆட்டம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எங்கள் கதிரைகளைத் தேடி உட்கார்ந்தோம். பச்சைச் சட்டைக்காரரும் வெள்ளைச் சட்டைக்காரரும் ஆடினார்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. பிறகு அவர் மெதுவாக, "இது எங்கட எல்லே மாதிரியெல்லோ?" என்றார்.

எங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விளையாடும் எல்லேயிலும் தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவர வேண்டும். நான் பள்ளிக்கூட எல்லேக் குழுவில் இருந்தவள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். கேட்டால் நான் வாய் திறப்பேன் என்று கணக்கு. திறந்தேன். எவன் ஓடுகிறான், ஏன் நிற்கிறான் என்று எனக்குப் பிடிபட்டதையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் தோள் அவர் தோளில் சாய்ந்துவிட்டது. கை எப்போது அவர் கைக்குள் போனது என்று தெரியாது. பேசித் தீர்க்க எத்தனையோ வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. இந்த மனுஷன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பலகையில் பச்சைக்காரர் இரண்டு ஓட்டம் முன்னால் நின்றார்கள். நான் சொன்னேன், "வெள்ளைக்கு அடியுங்கோ கையை. சமன் வந்தால் இன்னும் நடக்கும்."

அவருக்கு உடனே விளங்கியது. வெள்ளைச் சட்டைக்காரருக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். அவர்கள் இரண்டு ஓட்டத்தை எடுத்துச் சமன் செய்து, அதற்கு மேல் ஒன்றையும் எடுத்துவிட்டார்கள். உடனே பச்சைக்கு மாறினோம். முன்வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு இருந்த ஒருவர் திரும்பி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பாக்கிறாய், எங்களுக்கு ஒருத்தரும் வெல்லக்கூடாது" என்று இவர் தமிழில் சொல்லிச் சிரித்தார். பச்சையும் ஒன்று எடுத்தது. மறுபடி சமன். அந்த மைதானத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மனதார வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள் இருவர் மட்டுமாகத்தான் இருப்போம்.

ஆட்டம் கடைசிச் சுற்றுக்கு வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் அடித்து முடித்து ஒன்றும் எடுக்கவில்லை. இனிப் பச்சைக்காரரின் முறை. அவர்களும் ஒன்றும் எடுக்காவிட்டால் ஆட்டம் நீளும். ஒரே ஒரு ஓட்டம் எடுத்தால் அந்த நிமிடமே எல்லாம் முடியும். முதலாமவன் வீணாகப் போனான். இரண்டாமவனும் போனான். மூன்று பேர் போனால் அவர்கள் முறை முடியும், இன்னும் ஒருவன் போனால் போதும். அவர் திரும்பிப்போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெயில் இறங்கி நல்ல காற்று வீசியது. அவருடைய விரல்கள் என் விரல்களை இறுக்கின.

"இவனும் போவான் பாரும்" என்றார்.

தடியில் பட்ட சத்தத்திலேயே அது தூர அடி என்று எல்லே ஆடின எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து மேலே போனது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பின்னால் பின்னால் ஓடினான். "பிடியடா, பிடியடா" என்று நான் கத்தினேன், அவனுக்குத் தமிழ் தெரிந்தமாதிரி. அவன் வேலியில் முதுகு முட்ட நின்று கையை உயர்த்தினான். பந்து அவன் கைக்கு மேலால் வேலியைத் தாண்டி விழுந்தது; பச்சைக்கு அந்த ஒரு ஓட்டம் கிடைத்துவிட்டது.

மைதானமே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுகள் மறைத்ததில் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எழும்பாமல் அந்தக் கதிரைகளிலேயே இருந்தோம்.