திப்பிக் கணக்கு

கணக்கு டேலி ஆகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கிய காலம் ஒன்று தேவிப்ரியாவுக்கு இருந்தது. ராசிபுரத்தில் பி.காம். முடித்து, சேலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எட்டு வருஷம் பச்சைப் பேனாவால் டிக் அடித்தவள். பில்லும் பேரேடும் ஒத்துப்போனால் ஒரு டிக். அவ்வளவுதான் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முப்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதித் தேறி, பங்குகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு மாறினாள். லாரி முதலாளிகளும் கோழிப்பண்ணைக்காரர்களும் அதன் சந்தாதாரர்கள். நேர்முகத்தில் அதன் தலைவர் குணசீலன் கேட்டார்: "கணக்குப் படிச்சவங்க நடந்து முடிஞ்சதைத்தான் பாப்பீங்க. இங்க நடக்கப்போறதைச் சொல்லோணும். ஒத்து வருமாம்மா?"

"கணக்குத் தெரியாதவங்களுக்கு நடந்ததே தெரியாதுங்களே சார்."

வாய்த்துடுக்குதான். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்தார்.

அவளுடைய முதல் பெரிய அறிக்கை, ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு அரைத்து மாவெடுக்கும் ஒரு கம்பெனியைப் பற்றியது. விற்பனை இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு. வரி, கடன், பேங்க் இருப்பு எல்லாம் பைசா பிசகாமல் பொருந்தின. மூன்று வாரம் துருவிவிட்டு 'வாங்கலாம்' என்று எழுதினாள். விலை ஏறியது. முகம் தெரியாதவர்களெல்லாம் அவள் பேரைச் சொன்னார்கள். பாவம், அவளும் அந்தப் புகழை நம்பினாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தாள். அம்மா மாரியாயி மூன்று எருமை வைத்து நெய் விற்பவள். சோறு போட்டுக்கொண்டே புலம்பினாள்.

"திப்பி மூட்டை கெடைக்கவே மாட்டேங்குது சாமி. அந்த ஆத்தூர் கம்பெனியில கேட்டா ஆறு மாசமா சரக்கே இல்லைங்கறாங்களாம். எருமைக்கு எதைப் போடறது?"

திப்பி என்பது கிழங்கில் மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கை. கிழங்கு அரைத்தால் திப்பி வந்தே தீரும். ஆலைக்காரன் அதைத் தீவனத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அதுவும் இப்போது அரவைக் காலம். திப்பி இல்லையென்றால் அவ்வளவு மாவு எங்கிருந்து வந்தது என்று தேவிப்ரியா யோசித்தாள்.

எதிரே ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா அப்புசாமி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பெருமையாகச் சிரித்தார். "நானும் அந்தக் கம்பெனிப் பங்கு வாங்கிப் போட்டிருக்கறேன். ரிட்டயர்மெண்டுப் பணம் பதினெட்டு லட்சமும் அதுலதான்."

"ஏனுங்கப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? நீதான் அச்சுலயே போட்டுட்டியே!"

திங்கட்கிழமை காலை அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை மறுபடி திறந்தாள். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், திப்பி விற்ற வரவு ஒற்றை வரியாகக் கிடந்தது. ஆடிட்டர் ஆபீசில் எத்தனையோ ஆலைகளின் திப்பி பில்லுக்கு டிக் அடித்தவள் அவள். எத்தனை டன் கிழங்குக்கு எத்தனை மூட்டை என்பது விரல் நுனியில் இருந்தது. இங்கே மாவு இரட்டிப்பாகியிருந்தது, திப்பி காலாகக் குறைந்திருந்தது. சின்னத் தொகை, அதுவும் டேலி ஆகிவிட்டது என்று முதல் தடவை தாண்டிப் போயிருந்தாள். மாவுக்குப் பொய் பில் போடுகிறவன், திப்பிக்கும் போட வேண்டும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் ஆத்தூருக்குப் பஸ் ஏறினாள். கிழங்கு ஆலை இருக்கும் இடத்தில் மூக்கைப் பொத்தாமல் இறங்க முடியாது. அங்கே காற்று சுத்தமாக இருந்தது. மாவு காய வேண்டிய சிமெண்டுக் களத்தில் வெடிப்பு விட்டுப் புல் முளைத்திருந்தது.

"ஆலை ஓடுதுங்களா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுதுன்னு சொல்லச் சொல்லியிருக்காங்கம்மா."

புதன்கிழமை 'உடனே விற்கவும்' என்று புது அறிக்கை எழுதிக் கொடுத்தாள். படித்து முடித்த குணசீலனின் முகம் வெளிறிப்போயிருந்தது. "வக்கீல் ஒருதரம் பாக்கட்டும். வெள்ளிக்கிழமை சந்தை மூடுனதும் எல்லாருக்கும் ஒண்ணா அனுப்பறோம். அதுவரைக்கும் ஊட்டுல கூட மூச்சு விடக்கூடாது. விட்டா உன் லைசென்சும் போயிரும், என்னுதும் போயிரும்."

வியாழன் சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார். "சாமி, வெலை கொஞ்சம் எறங்கியிருக்குது. விக்கட்டுமா, வெச்சிருக்கட்டுமா?"

பதினெட்டு லட்சம். முப்பத்தோரு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்றே சம்பாதித்தது. 'வித்துருங்க' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்.

"அதைப் பத்தி நான் பேசக் கூடாதுங்கப்பா."

அப்பா மெதுவாக, "புரிஞ்சுது சாமி, புரிஞ்சுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சொல்லாமலே சொல்லிவிட்டோமோ என்று குற்ற உணர்ச்சி உறுத்தியது. அப்பா விற்றுவிடுவார், தப்பித்துவிடுவார் என்று வெட்கங்கெட்ட நிம்மதியும் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த நிம்மதியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் பேரைத் தாங்கி அறிக்கை வெளியானது. சற்று நேரத்தில் அப்பாவின் போன் வந்தது. குரலில் அப்படியொரு உற்சாகம்.

"நீ வாயத் தொறக்காதப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் சாமி, உள்ள பெரிய நல்ல சமாச்சாரம் இருக்குதுன்னு. காலையில உங்கம்மா நகையைப் பேங்க்ல வெச்சு இன்னும் நாலு லட்சத்துக்கு வாங்கிட்டேன். சரிதானே?"

அறிக்கை போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. சந்தை இனித் திங்கட்கிழமைதான் திறக்கும்.