தேர் நாள் யாருடைய நாள்

கிணற்றுத் துலாமரத்தின் நடுவில் நின்றுவிட்டார் சோமசேகரம். தண்ணீர் அள்ள இறங்கிக்கொண்டிருந்த ஓலைப்பட்டை பாதி வழியில் அந்தரத்தில் தொங்கியது. கீழே கயிற்றைப் பிடித்தபடி மைத்துனன் பொன்னம்பலம் அண்ணாந்து பார்த்தான்.

"அத்தான், மிதியுங்கோ."

"பொறு மச்சான். பட்டை இப்ப மேலை போகுதோ, கீழை போகுதோ?"

"ரண்டும் இல்லை. நீங்கள் நிக்கிறியள், அதுவும் நிக்குது."

"அதைத்தான் யோசிக்கிறன்."

துலா மிதிக்கிறவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும். மறுபக்கம் நடந்தால் ஏறும். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை அந்த மரத்தின் மேல் போவதும் வருவதும்தான் வேலை. சண்டிலிப்பாயில் அதை மிதித்தவர்கள் எத்தனையோ பேர். மிதித்துக்கொண்டே சிந்தித்தவர் இவர் ஒருவர்தான். சிந்திப்பது பிழையில்லை என்பான் பொன்னம்பலம். நடந்துகொண்டு சிந்திக்கலாமே என்பதுதான் அவன் கேள்வி.

சோமசேகரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. உமி மூட்டையளவுதான் கனம். தலையில் துவாய், வாயில் சுருட்டு. சுருட்டு அணைந்தே இருக்கும். பற்றவைத்த கையோடு ஒரு கேள்வி வந்துவிடும், கேள்வி முடிவதற்குள் நெருப்பு முடிந்துவிடும். ஊரில் அவருக்குத் தத்துவத்தார் என்று பெயர். நேரேயும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அதைக் குறையாக எடுப்பதில்லை.

தத்துவம் அவருக்கு வந்தது வாசிகசாலையின் ஆண்டு விழாவில். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் "தத்துவம் என்றால் என்ன? அன்றாட வாழ்வில் அதன் பயன் யாது?" என்று பேசினார். தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை நின்று கேட்பதே தத்துவம் என்று முதல் பாதியில் சொன்னார். சோமசேகரம் வாங்குப் பலகையின் நுனிக்கு வந்துவிட்டார். பேச்சாளர் லேஞ்சியால் முகத்தைத் துடைத்து, "இனி இதனால் என்ன பயன் என்று பார்ப்போம்" என்றபோது, உங்கள் மாடு கட்டறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளையின் பயிருக்குள் நிற்கிறது என்று ஆள் வந்தது. மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு ஓடி வந்தபோது எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பயனாம்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"வடை நல்லாயிருக்கு" என்றார் அவர்.

இது நடந்து ஒன்பது வருடம். தத்துவம் என்றால் என்ன என்பது சோமசேகரத்துக்குத் தெரியும். பயன்தான் தெரியாது. பயன் தெரியாமலே ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

சந்தையில் மீன் விற்கும் பூரணத்திடம் ஒருநாள், "உது நல்ல மீனோ?" என்று கேட்டார்.

"நல்ல மீன் அண்ணை. விடியத்தான் கரைக்கு வந்தது."

"நல்லதெண்டா ஆருக்கு? மீனுக்கோ எனக்கோ?"

"மீனுக்கு நல்லகாலம் எண்டா அது ஏன் என்ரை கடகத்துக்குள்ளை கிடக்குது?"

சோமசேகரம் அசந்துபோனார். மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மீன் வாங்க மறந்துவிட்டார் என்பதை அவர் மனைவி ஞானாம்பிகைதான் ஊருக்குச் சொன்னாள். "உங்கடை தத்துவத்தாலை ஒருபிடி வெங்காயம் விளைஞ்சதோ?" என்று அவள் கேட்பாள். விளைச்சல் என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டால், பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள்.

ஆனாலும் அவரில்லாமல் அந்தக் கிணறு இல்லை. கிணற்றுக்கு மூன்று பங்கு: பொன்னம்பலம், ஆழ்வாப்பிள்ளை, சோமசேகரம். அந்த ஒழுங்கிலேயே ஆளுக்கு ஒருநாள் முறை. யாருடைய முறையானாலும் துலா மிதிப்பது சோமசேகரம். மற்ற இருவருக்கும் உடம்பு கனம். துலாவில் ஏறினால் தலை சுற்றும். அடுத்த தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் வந்துவிட்டது. அது நின்று யோசிப்பதில்லை என்று இருவரும் ஏக்கத்தோடு சொல்வார்கள்.

இந்தப் பங்குனியில் பிள்ளையார் கோயில் தேர் வந்தது. தேரன்று ஊரில் எந்தக் கிணற்றிலும் இறைப்பு இல்லை. அது பழைய வழக்கம். அந்த நாள் பொன்னம்பலத்தின் முறையில் விழுந்தது. வழக்கத்தில் யாருக்கும் தகராறு இல்லை. மறுநாள் விடிய, தோளில் பட்டையோடு பொன்னம்பலம் கிணற்றடிக்கு ஒரு பக்கத்தால் வந்தான். தோளில் பட்டையோடு ஆழ்வாப்பிள்ளை மற்றப் பக்கத்தால் வந்தார். சோமசேகரம் ஏற்கெனவே துலாவில் நின்றார்.

"எங்கை வாறியள் அண்ணை?" என்றான் பொன்னம்பலம்.

"இறைக்க. நேற்று உன்ரை முறை, இண்டைக்கு என்ரை முறை."

"நேற்றுத் தேர்!"

"தேரெண்டா நாளில்லையோ? நேற்று விடியேல்லையோ? பொழுது படேல்லையோ?"

பொன்னம்பலம் தன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். இலை தடிக்கும் காலம். தண்ணீர் கண்டு நான்கு நாளாகிவிட்டது. புகையிலை பிழிந்து போட்ட துணிபோல் தொங்கியது. இன்று தவறினால் இன்னும் இரண்டு நாள். ஆறு நாள் காய்ந்த கன்றில் இலை இருக்கும், புகையிலை இருக்காது. அவனுடைய வருடம் முழுவதும் அந்தப் பாத்திகளில்தான் நின்றது. அவன் கயிற்றைப் பிடித்தான். ஆழ்வாப்பிள்ளையும் பிடித்தார்.

"கையை எடும்!"

"நீ எடு. இல்லாட்டி மண்வெட்டிதான் கதைக்கும்."

"கதைக்கட்டும். நான் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு ஏறுவன்."

"ஏறு. நான் உனக்கு முந்திப்போய் அங்கை இருப்பன்."

பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று நினைவு வந்தது. மேலே நிற்கிறவர் நடக்காவிட்டால் கயிறு யார் கையில் இருந்தும் பயனில்லை. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சோமண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இண்டைக்கு ஆற்றை முறை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

சோமசேகரம் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பொன்னம்பலம் வெயிலைப் பார்த்தான். அத்தான் கடைசியாக ஒரு விஷயத்தை யோசிக்கத் தொடங்கியது போன வருடம் மாசியில். முடித்தது ஆனியில்.

"நாள் எண்டா என்ன?" என்றார் சோமசேகரம்.

"ஐயோ" என்றான் பொன்னம்பலம்.

ஆழ்வாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்தது. "இதிலை யோசிக்க என்ன கிடக்கு? போன வருசம் தேர் உங்கடை முறையிலை வந்தது. நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. அடுத்தநாள் உவன் இறைச்சான், அதுக்கு அடுத்தநாள் நான் இறைச்சன். போன நாள் போனதுதான் எண்டு நீங்களே விட்டனீங்கள்."

"நான் விடேல்லை. யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

"ஒரு வருசமோ?"

"ஓம். இப்பதான் முடியுது."

வெயில் பனைகளின் தலைக்கு ஏறிவிட்டது. சோமசேகரம் துலாவில் குந்தினார்.

"ஆழ்வாப்பிள்ளை, தேர் ஆற்றை?"

"ஊரின்ரை."

"வடம் ஆர் பிடிச்சது?"

"எல்லாரும். நான் பிடிச்சன், நீங்கள் பிடிச்சியள், உவனும் பிடிச்சான். பிடிச்சதை விடக் கூடக் கத்தினான்."

"அப்ப பிள்ளையாருக்குக் குடுத்த நாள் ஆற்றை நாள்?"

ஆழ்வாப்பிள்ளை பட்டையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"பொன்னம்பலத்தின்ரை நாளைக் குடுத்து நீ புண்ணியம் வாங்கினனியோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"மூண்டு பேரும் வடம் பிடிச்சு, ஒருத்தன்ரை பயிர் மட்டும் விரதம் இருக்கிறதோ? நாள் போச்சுது எண்டு வைச்சா அவனுக்கு மூண்டு நாள் பிந்துது, உனக்கும் எனக்கும் ஒண்டுமில்லை. முறையைத் தள்ளி வைச்சா ஆளுக்கு ஒருநாள் பிந்தும். மொத்தம் மூண்டுதான். ஒருத்தன் சுமக்கிறதோ, மூண்டு பேர் சுமக்கிறதோ எண்டதுதான் கேள்வி. தேரை ஒருத்தன் இழுத்தவனோ?"

ஆழ்வாப்பிள்ளை விரலை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். இரண்டு தரமும் மூன்றுதான் வந்தது.

"அப்ப எனக்கு நாளைக்கு."

"ஓம். எனக்கு நாளையிண்டைக்கு."

"உங்கடை கதை சரி. அது என்ரை பொயிலைக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றார் சோமசேகரம்.

ஆழ்வாப்பிள்ளை கயிற்றை விட்டார். வீட்டுக்குப் போகவில்லை. பட்டையைக் கவிழ்த்துப் பூவரசு நிழலில் அதன் மேல் உட்கார்ந்து, தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய புகையிலை தண்ணீர் கண்டும் இன்றோடு மூன்று நாள்.

அன்றைக்குச் சோமசேகரம் ஒரு தரமும் நிற்கவில்லை. பட்டை பிடித்த பொன்னம்பலத்துக்குத்தான் மூச்சு வாங்கியது. பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிட்ட ஞானாம்பிகை நடந்ததைக் கேட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"அப்ப போன வருசம் எங்கடை வெங்காயம் அநியாயமாத்தான் காஞ்சதோ?"

"ஓம்" என்றார் மேலிருந்து.

"காஞ்சு ஒரு வருசத்துக்குப் பிறகு கண்டுபிடிச்சியளோ?"

"ஓம்."

"நல்ல காலம், கலியாணத்துக்கு முந்தி நீங்கள் யோசிக்கத் தொடங்கேல்லை" என்று அவள் அடுத்த பாத்திக்குப் போனாள்.

மத்தியானம் கடைசிப் பாத்தி நிறைந்தது. கிணற்றில் அடிமண் தெரிந்தது. கிணற்றடித் தொட்டியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. முறைக்காரனுடைய தண்ணீரில் மற்றவன் ஒரு சொட்டும் பயிருக்கு எடுக்கக் கூடாது. குடிக்கவும் கால் கழுவவும் மட்டும் யாரும் எடுக்கலாம். அதற்கு முறை இல்லை, அளவும் இல்லை. எங்கே நின்று கழுவுவது என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

துலாவிலிருந்து இறங்கிய சோமசேகரம் வாய்க்காலுக்குள் போய் இரண்டு காலையும் கணுக்கால் வரை சேற்றில் புதைத்து எடுத்தார். வாளியில் தண்ணீர் அள்ளினார். தன் வெங்காயப் பாத்திகளைத் தாண்டி நடந்தார். ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்தில் மிக வாடிய வரிசை எதுவென்று நின்று பார்த்து, அந்த வரிசையின் தலைக்கன்றடியில் போய் நின்றார். வலது காலைக் கழுவினார். விரல் விரலாக, இடுக்கு இடுக்காக, வாளி காலியாகும் வரை கழுவினார்.

ஆழ்வாப்பிள்ளை பட்டையிலிருந்து மெல்ல எழுந்தார். தடுக்கவேண்டியவன் பொன்னம்பலம். அவன் வாயைத் திறந்தான், யோசித்தான், மூடிக்கொண்டான்.

சோமசேகரம் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அதில் சேறு அப்படியே இருந்தது. வெறும் வாளியோடு தொட்டிக்குத் திரும்பி நடந்தார்.